பூச்சிகளை எண்ணும் செலவும் மருந்து தெளிக்கும் செலவும்: நெற்பயிர்க் கண்காணிப்பின் பொருளாதாரம்

இந்தியாவில் 4 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் நெல் பயிராகிறது. விதை, உரம், பாசனம் ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை விவசாயி பருவத்தின் தொடக்கத்திலேயே ஓரளவு கணக்கிட்டுவிட முடியும். பயிர்ப் பாதுகாப்புச் செலவு அத்தகையதன்று. எந்தப் பூச்சி, எப்போது, எந்த அளவில் வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. தெரியாத ஆபத்துக்கு அஞ்சிச் செய்யும் செலவு இரு வகைகளில் தவறாக முடியலாம். ஒன்று, தேவையற்றபோது மருந்து தெளிக்கப்படுகிறது. மற்றொன்று, தேவையான தருணம் கடந்த பின் தெளிக்கப்படுகிறது. இவ்விரு தவறுகளையும் குறைப்பதற்கான வழிமுறையே பூச்சிக் கண்காணிப்பு. வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணி, அந்த எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வதே அதன் சாரம். எண்ணும் இப்பணி யாருடைய பொறுப்பு, அதற்கான செலவை யார் ஏற்பது என்பது வேளாண்மைத் தொழில்நுட்பம் பற்றிய கேள்வி மட்டுமன்று. பொருளாதாரக் கேள்வியும் ஆகும்.

புகையான் கற்பித்த பாடம்

1960-களின் பிற்பகுதியில் ஐ.ஆர்.8 போன்ற குட்டை நெல் இரகங்கள் பரவின. அவற்றுடன் நெருக்கமான நடவு, மிகுதியான தழைச்சத்து உரம், தொடர்ச்சியான நீர்ப்பாசனம் ஆகியனவும் வந்தன. விளைச்சல் உயர்ந்தது. அதே சூழ்நிலை, அதுவரை சிறிய பூச்சியாகக் கருதப்பட்ட புகையானின் பெருக்கத்துக்கும் ஏற்றதாக அமைந்தது. கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74ஆம் ஆண்டில் புகையான் பெருந்தாக்குதலாக வெடித்தது. பயிரின் அடித்தூரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி மிகுந்துவிட்டால், பயிர் திட்டுத்திட்டாகப் பழுத்து, பின்னர் தீய்ந்ததுபோல் காய்ந்துவிடும்.

புகையானுக்கு எதிராக முதலில் மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கை பூச்சிக்கொல்லி தெளிப்பே ஆகும். ஆனால் இங்கு எதிர்பாராத விளைவு ஒன்று வெளிப்பட்டது. சில மருந்துகளைத் தெளித்த வயல்களில், தெளிக்காத வயல்களைவிடப் புகையான் மிகுதியாகப் பெருகியது. இதனை மறுபெருக்கம் என்பர். இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. புகையான் தன் முட்டைகளை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. ஆனால், புகையானைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டைகளை உறிஞ்சும் சிறு நாவாய்ப் பூச்சிகளும் அம்மருந்துக்கு இரையாகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்போது, குஞ்சுகளைத் தின்பதற்கு வயலில் எதிரிகள் இருப்பதில்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகள் இத்தகைய மறுபெருக்கத்துக்குப் பெயர் பெற்றவை.

இதிலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. தேவையற்ற தெளிப்பு என்பது வெறும் பண விரயம் அன்று. அடுத்த தாக்குதலுக்கு அதுவே விதையாகவும் அமையக்கூடும். ஆகவே “பாதுகாப்புக்காக ஒருமுறை தெளித்து வைப்போம்” என்னும் எண்ணம், நெற்பயிரைப் பொறுத்தவரை பாதுகாப்பானது அன்று.

சேத நிலையும் வரம்பு நிலையும்

பூச்சி இருப்பதனாலேயே மருந்து தெளிக்கவேண்டும் என்பதில்லை. அதனால் விளையும் இழப்பு, அதனைக் கட்டுப்படுத்தும் செலவைவிட அதிகமாகும்போது மட்டுமே தெளிப்பு நியாயமாகிறது. இக்கருத்தை 1959ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹாகன் ஆகிய நான்கு பூச்சியியலாளர்கள் தெளிவாக வரையறுத்தனர். இழப்பும் கட்டுப்பாட்டுச் செலவும் சமமாகும் பூச்சி எண்ணிக்கை ‘பொருளாதாரச் சேத நிலை’ ஆகும். அந்நிலையை எட்டவிடாமல் தடுக்க நடவடிக்கையைத் தொடங்கவேண்டிய எண்ணிக்கை ‘பொருளாதார வரம்பு நிலை’ எனப்படும். மருந்து வாங்கவும், ஆள் அமர்த்தவும், தெளிக்கவும் சில நாட்கள் பிடிக்கும். அதற்குள் பூச்சியும் பெருகும். ஆதலால் வரம்பு நிலை எப்போதும் சேத நிலையைவிடச் சற்றுக் குறைவாகவே வைக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு ஹெக்டேருக்கு ஒருமுறை மருந்து தெளிக்கும் செலவு, கூலி உட்பட, 2,300 ரூபாய் என்று கொள்வோம். 2024-25ஆம் ஆண்டுக்கான சாதாரண நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய், அதாவது கிலோவுக்கு 23 ரூபாய். எனவே, தெளிப்புச் செலவை ஈடுசெய்ய 100 கிலோ நெல் காப்பாற்றப்படவேண்டும். மருந்து, வரக்கூடிய இழப்பில் 80 சதவிகிதத்தை மட்டுமே தடுக்கும் என்றால், எதிர்பார்க்கப்படும் இழப்பு 125 கிலோவாவது இருக்கவேண்டும். ஹெக்டேருக்கு 5,000 கிலோ விளையும் வயலில் இது 2.5 சதவிகிதம். அதற்குக் குறைவான இழப்பைத் தரும் பூச்சிகளைச் சகித்துக்கொள்வதே விவசாயிக்கு இலாபம்.

இக்கணக்கில் நான்கு அம்சங்கள் அடங்கியுள்ளன: தெளிப்புச் செலவு, விளைபொருளின் விலை, ஒரு பூச்சி விளைவிக்கும் சேதம், மருந்தின் திறன். நெல்லின் விலை உயர்ந்தால் சேத நிலை தாழும். கூலி உயர்ந்தால் சேத நிலையும் உயரும். ஆகவே, வரம்பு நிலை என்பது இயற்கை விதித்த மாறாத எண் அன்று. காலத்துக்கேற்ப மறுபரிசீலனை செய்யப்படவேண்டிய எண் என்பதை அலுவலர்கள் நினைவிற் கொள்வது நலம்.

நடைமுறையில் உள்ள அளவுகள்

நெற்பயிரின் முக்கியப் பூச்சிகளுக்குத் தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்பட்டுள்ள வரம்பு நிலைகள் சில பின்வருமாறு:

1. தண்டுத் துளைப்பான்: சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்கள், அல்லது வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவிகிதம் நடுக்குருத்து காய்தல், அல்லது பூக்கும் பருவத்தில் 2 சதவிகிதம் வெண்கதிர்.

2. இலைச்சுருட்டுப் புழு: வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவிகிதம் இலைச் சேதம்; பூக்கும் பருவத்தில் 5 சதவிகிதம் கண்ணாடி இலைச் சேதம்.

3. ஆனைக்கொம்பன் ஈ: 10 சதவிகிதம் வெள்ளித் தண்டுகள்.

4. புகையான்: தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் காணப்பட்டால் தூருக்கு 2 பூச்சிகள்.

5. கதிர் நாவாய்ப் பூச்சி: பூக்கும் பருவத்தில் 100 கதிர்களுக்கு 5 பூச்சிகள், பால் பிடிக்கும் பருவம் முதல் முதிர்ச்சி வரை 100 கதிர்களுக்கு 16 பூச்சிகள்.

இவ்வெண்களை மனப்பாடம் செய்வதைவிட, அவற்றுக்குப் பின்னுள்ள காரணத்தை அறிவதே மாணவர்க்குப் பயன் தரும். தண்டுத் துளைப்பானுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவிகிதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். பூக்கும் பருவத்திலோ 2 சதவிகிதத்திலேயே அபாய நிலை தொடங்குகிறது. ஏன் இந்த வேறுபாடு? தூர்விடும் பருவத்தில் ஒரு குருத்து காய்ந்தால், பயிர் புதிய தூர்களை விட்டு அந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துகொள்கிறது. கதிர் வெளிவந்த பின் அவ்வாய்ப்பு இல்லை; ஒரு வெண்கதிர் ஒரு கதிரின் முழு இழப்பாகும். ஆனால் விவசாயியின் கண்ணுக்கு, இளம்பயிரில் தெரியும் காய்ந்த குருத்தும் சுருண்ட இலையுமே பெரிதாகத் தோன்றுகின்றன. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியும் உண்மையான பொருள் இழப்பும் ஒன்றல்ல என்பதை எண்ணிக்கைதான் புலப்படுத்துகிறது.

புகையானுக்கான அளவு இன்னொரு பாடத்தைத் தருகிறது. அங்கே பூச்சியை மட்டுமன்றிச் சிலந்தியையும் எண்ணவேண்டும். சிலந்தி இருந்தால் வரம்பு இரு மடங்காகிறது. அதாவது, இயற்கை எதிரிகள் விவசாயிக்குக் கூலியின்றி உழைக்கும் பணியாளர்கள். அவர்களின் உழைப்புக்கும் கணக்கில் இடம் தரப்படுகிறது.

எண்ணும் முறை

கண்காணிப்பு இரு நிலைகளில் நடைபெறுகிறது. தேர்ந்தெடுத்த சில வயல்களில் பருவம் முழுவதும் குறித்த இடைவெளியில் எண்ணுவது நிலையான கண்காணிப்பு. குறித்த வழித்தடத்தில் சென்று, இடையிடையே உள்ள வயல்களைப் பார்ப்பது சுற்றுக் கண்காணிப்பு. முன்னது பூச்சியின் எண்ணிக்கை வாரந்தோறும் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் காட்டும். பின்னது தாக்குதல் எவ்வளவு பரப்பில் உள்ளது என்பதைக் காட்டும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

விளக்குப் பொறிகளும் இனக்கவர்ச்சிப் பொறிகளும் துணைக் கருவிகள். புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சி முதலியன விளக்கொளிக்கு வருகின்றன. பொறியில் விழும் எண்ணிக்கை திடீரென உயர்வது எச்சரிக்கை மணி போன்றது. எனினும் பொறியின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மருந்து தெளிக்க முடிவு செய்தல் கூடாது. வயலில் இறங்கிப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

வயலில் எண்ணும்போது வரப்போரப் பயிரை விலக்கி, உட்புறமாக மூலைவிட்டத்தில் நடந்து, மாதிரிகளைப் பரவலாக எடுக்கவேண்டும். எடுத்துக்காட்டாக, ஐந்து இடங்களில் இடத்துக்கு நான்கு வீதம் 20 குத்துகளைப் பார்க்கலாம். புகையானுக்கு இலைப்பரப்பைப் பார்ப்பதால் பயனில்லை. குத்தைச் சற்றுச் சாய்த்து, அடிப்புறத்தைத் தட்டி, நீரில் விழும் பூச்சிகளையும் தண்டில் ஒட்டியிருப்பவற்றையும் எண்ணவேண்டும். அதே இடத்தில் சிலந்திகளையும் எண்ணவேண்டும். மோசமாகத் தோன்றும் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்தல், வரப்பில் நின்றபடியே மதிப்பிடுதல், முந்தைய வார எண்ணிக்கையையே மீண்டும் எழுதிவிடுதல் ஆகிய மூன்றும் கண்காணிப்பைப் பயனற்றதாக்கும் குறைகள்.

முடிவெடுத்தல்

ஒரே ஒரு நாளின் எண்ணிக்கை முழுமையான விடையைத் தருவதில்லை. இரு வயல்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் வயலில் மூன்று வாரங்களில் தூருக்கு 0.3, 0.6, 0.5 என்ற அளவில் புகையான் காணப்படுகிறது. பெரும்பாலான குத்துகளில் சிலந்தி உண்டு. இரண்டாவது வயலில் அதே காலத்தில் 0.4, 0.9, 1.8 என எண்ணிக்கை ஏறுகிறது, சிலந்திகள் அரிது. முதல் வாரத்தில் இரு வயல்களும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன. அன்றே இரண்டிலும் தெளித்திருந்தால், முதல் வயலில் செலவு வீணாகியிருக்கும். அங்கிருந்த சிலந்திகளும் அழிந்திருக்கும். மூன்றாவது வாரமும் தெளிக்காமல் விட்டால், இரண்டாவது வயல் தீய்ந்துபோகும் அபாயத்துக்கு உள்ளாகும். புகையானின் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு மாதத்தில் நிறைவடைவதால், வாரம் ஒருமுறையேனும் எண்ணுவது அவசியமாகிறது.

தெளிப்பதென முடிவு செய்த பின்னரும் கண்காணிப்பின் தகவல் பயன்படுகிறது. பூச்சி அடித்தூரில் இருப்பதால், வயல் நீரை வடித்துவிட்டு, மருந்து தூரில் படுமாறு தெளிக்கவேண்டும். தாக்குதல் திட்டுகளாக மட்டும் இருந்தால், அத்திட்டுகளிலும் அவற்றைச் சுற்றிலும் தெளித்தால் போதும். அடுத்த பருவத்துக்கும் இத்தகவல் உதவும். அடிக்கடி வரம்பைத் தாண்டும் வயல்களில் நடவின்போதே இடையிடையே பட்டம் விடுதல், தழைச்சத்தைப் பிரித்து இடுதல், எதிர்ப்புத் திறனுள்ள இரகத்தைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவற்றைப் பரிந்துரைக்கலாம். கேரளத்தின் பட்டாம்பி ஆராய்ச்சி நிலையம் அளித்த பி.டி.பி.33 என்னும் இரகம், புகையான் எதிர்ப்புத் திறனுக்கு மூலமாகப் பல நாடுகளின் ஆராய்ச்சியில் பயன்பட்டுள்ளது.

பயிரின் பருவத்தைப் பொறுத்து முடிவு மாறும் என்னும் விதி பிற தானியங்களுக்கும் பொருந்தும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மக்காச்சோளப் படைப்புழு 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கருநாடகத்தில் கண்டறியப்பட்டது. விரைவில் நாட்டின் பல மாநிலங்களுக்கும் பரவியது. அதற்கான பரிந்துரைகளில் இளம்பயிருக்கு 5 சதவிகிதச் சேதமும், குருத்துப் பருவத்தின் பிற்பகுதிக்கு 20 சதவிகிதச் சேதமும் நடவடிக்கை வரம்புகளாகக் கொள்ளப்பட்டன. ஆண்பூ வெளிவந்த பின்னர் இரசாயனத் தெளிப்பு செலவுக்கேற்ற பயன் தராது என்பதால், புழுக்களைக் கையால் பொறுக்கி அழிப்பதே அறிவுறுத்தப்பட்டது.

மானியம் மருந்துக்கா, எண்ணிக்கைக்கா?

மேற்கூறிய எடுத்துக்காட்டுக்கு மீண்டும் வருவோம். மருந்துக்கும் தெளிப்புக்கும் அரசு பாதி மானியம் அளிப்பதாகக் கொண்டால், விவசாயியின் செலவு 1,150 ரூபாயாகக் குறைகிறது. அவருக்குத் தெளிப்பு நியாயமாகும் இழப்பும் 125 கிலோவிலிருந்து 62.5 கிலோவாகத் தாழ்கிறது. வயலில் பூச்சி கூடவில்லை. ஆனால் தெளிப்பு கூடுகிறது. மறுபுறம், இயற்கை எதிரிகளின் அழிவு, மருந்துக்குப் பூச்சிகள் பெறும் எதிர்ப்புத் திறன், தெளிப்பவரின் உடல்நலக் கேடு, அண்டை வயலுக்குப் பரவும் மறுபெருக்கம் ஆகிய சமூகச் செலவுகள் எவரது கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அவற்றையும் சேர்த்தால் உண்மையான சேத நிலை உயரவேண்டும். மானியமோ அதனைத் தாழ்த்துகிறது. விலைக் குறியீடு தவறான திசையைக் காட்டுகிறது.

இந்தோனேசியாவின் அனுபவம் இதற்குச் சான்று. அந்நாட்டில் நெல்லுக்கான பூச்சிக்கொல்லிகளுக்கு அரசு மிகப்பெரும் மானியம் வழங்கிவந்தது. அரிசியில் தன்னிறைவு எய்திய சிறிது காலத்திலேயே, 1985-86ஆம் ஆண்டுகளில் புகையான் மீண்டும் பரவலாகத் தாக்கியது. 1986ஆம் ஆண்டு நவம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணையால் 57 வகைப் பூச்சிக்கொல்லிகள் நெற்பயிரில் தடை செய்யப்பட்டன. மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1989ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் விவசாயிகள் வயலிலேயே பூச்சிகளையும் அவற்றின் எதிரிகளையும் எண்ணிக் கற்கும் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. இம்முறை பின்னர் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

எண்ணும் பணிக்கு ஏன் பொதுப்பணம் செலவிடப்படவேண்டும்? ஒரு வயலில் பெறும் தகவல் அவ்வயலுக்கு மட்டுமன்றி, அப்பகுதி முழுவதற்கும் பயன்படுகிறது. ஆனால் அதனைத் திரட்டும் உழைப்பு ஒருவருடையது. ஒருவர் உழைத்துப் பலர் பயனடையும் பண்டத்தைச் சந்தை போதிய அளவில் வழங்குவதில்லை. மேலும், பல விவசாயிகளுக்குக் கைக்கெட்டும் ஆலோசகர் பூச்சிமருந்துக் கடைக்காரரே. “தெளிக்க வேண்டாம்” என்னும் ஆலோசனையால் அவருக்கு வருவாய் இல்லை. அந்த ஆலோசனையை வழங்குவதில் இலாப நோக்கமற்ற ஒரு பணியாளர் தேவைப்படுகிறார்.

இதில் நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டிய இடர்ப்பாடும் உண்டு. தெளிக்க வேண்டாம் என்று சொன்னபின் பயிர் தீய்ந்தால், இழப்பு முழுவதும் விவசாயியைச் சேரும். ஆலோசனை கூறியவரைச் சேராது. 2016ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பூச்சித் தாக்குதலால் ஏற்படும் விளைச்சல் இழப்பும் இடம்பெறுகிறது. ஆனால் அந்த இழப்பு ஒரு பகுதியின் சராசரி விளைச்சலைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது; தனியொருவரின் வயல் மட்டும் பாதிக்கப்பட்டால் அது உதவாது. ஒரு ஏக்கரை நம்பி வாழும் குடும்பம், எண்ணிக்கை தெரியாத நிலையில் மருந்தை நாடுவது அறியாமை அன்று. அது தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சி. அடுத்த வாரமும் ஒருவர் தவறாமல் வந்து எண்ணுவார் என்னும் உறுதி இருந்தால்தான், இந்த வாரம் பொறுத்திருக்க அக்குடும்பம் துணியும்.

அமைப்புகளும் ஆட்களும்

இந்திய அரசு 1985ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையைப் பயிர்ப் பாதுகாப்பின் அடிப்படைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. 1988இல் இதற்கென இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் தேசிய ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. 1991-92ஆம் ஆண்டில், தனித்தனியே இயங்கிய பயிர்ப் பாதுகாப்பு, கண்காணிப்பு, உயிரியல் கட்டுப்பாட்டு நிலையங்கள் இணைக்கப்பட்டு, மத்திய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மையங்களாயின. 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. கைபேசியில் எடுத்து அனுப்பும் படத்தைக் கொண்டு 61 பயிர்களின் பூச்சிகளை அடையாளம் காணவும், 15 முக்கியப் பயிர்களுக்கு ஆலோசனை வழங்கவும் இம்முறை வடிவமைக்கப்பட்டுள்ளது.

இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. படம், பூச்சி எது என்பதைக் கூறும். தூருக்கு எத்தனை, குத்துக்கு எத்தனை சிலந்தி, சென்ற வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்பவற்றுக்கு முறையான மாதிரி எண்ணிக்கை வேண்டும். அடித்தூரில் மறைந்திருக்கும் புகையானைப் படம் எடுப்பதற்கும், முதலில் ஒருவர் சேற்றில் இறங்கிக் குத்தை விலக்கிப் பார்க்கவேண்டும்.

ஆகவே, வட்டார அளவில் திட்டமிடும் அலுவலர்கள் மூன்று செயல்களுக்கு முன்னுரிமை அளிக்கலாம். முதலாவது, நடவு முதல் அறுவடை வரை வாரந்தோறும் எண்ணுவதற்கு ஊருக்குச் சிலரைப் பயிற்றுவித்து, அவர்களுக்கு உரிய ஊதியம் வழங்குதல். இரண்டாவது, எண்ணிக்கையையும் அதன் மீதான முடிவையும், தெளிக்கத் தேவையில்லை என்னும் முடிவு உட்பட, ஊரறிய அதே நாளில் அறிவித்தல். மூன்றாவது, வரம்பு நிலைகளை நடப்பு விலை, கூலி நிலவரங்களுக்கேற்பக் குறித்த காலத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுதல்.

பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்தின் வெற்றியை, வழங்கிய மருந்தின் அளவாலோ தெளிக்கப்பட்ட ஹெக்டேர்களாலோ மதிப்பிடுவது பழைய வழக்கம். எண்ணிப் பார்த்தபின் தெளிக்கத் தேவையில்லை என்று விடப்பட்டு, விளைச்சல் குறையாத ஹெக்டேர்கள் எத்தனை என்பதும் ஆண்டறிக்கைகளில் இடம்பெறுமாயின், கண்காணிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயின் பயனும் தெளிவாகப் புலப்படும்.